மாடியைப் பார்க்க மறந்த அன்று

நவம்பர் 3
வரலாற்றுப் பாடம் எடுக்கும் டாக்டர் லாக்ஹார்ட் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பதினெட்டாம் தேதி என் முறை. வகுப்பின் முன் நின்று பேச வேண்டும். பேசாவிட்டால் இந்தப் பாடத்தில் தேர்ச்சி இல்லை. கூடப் படிப்பவர்கள் எல்லாரும் என் மகள் வயது. நான் கிளாஸ்கோவில் பஸ் ஓட்டுகிறவள் என்று பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

நவம்பர் 6
என் தலைப்பு: முதல் உலகப் போர் சமயத்தில் வாடகையை ஏற்றியபோது, இந்த ஊரின் கோவன் பகுதிப் பெண்கள் கொடுக்க மாட்டோம் என்று நின்றது. கண்ணாடி முன் பேசிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே தடுமாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். என் வீட்டுக்காரன் ராப் டீயோடு வந்து நின்றான்.

"ஏன்டி செங்கா, குடிச்சிட்டு சண்டை போடுற தடியனையே பஸ்ஸ விட்டு இறக்குறவ நீ. இந்தப் பொடிசுங்களுக்கா பயப்படுற?"

அவனுக்கென்ன. தடியனை இறக்கினால் மார்க் யார் போடுகிறார்கள்?

நவம்பர் 10
தூக்கமே இல்லை. படிப்பை விட்டுவிடலாமா?

நவம்பர் 13
மானம் போயிற்று. கடைசி ஸ்டாப்பில், பஸ் காலி என்று நினைத்து என் பேச்சை உரக்கப் பேசிப் பார்த்தேன். பஸ்ஸின் மேல்மாடிக்குப் போய்ப் பார்க்கவில்லை — இத்தனை வருஷத்தில் செய்யாத தப்பு. வாடகை கொடுக்காதவர்களின் வீட்டைக் காலி செய்ய வைக்க அதிகாரி வருகிற இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினேன். படியில் காலடிச் சத்தம். உயிரே போய்விட்டது. மழைக்கோட்டோடு ஒரு கிழவர்.

"என் ஸ்டாப்பு எப்பவோ போயிடுச்சும்மா. பாதியில நிறுத்திட்டியே, அப்புறம் அந்தப் பொம்பளைங்க என்ன பண்ணாங்க?"

"அதிகாரி வர்றதப் பாத்ததும் மணி அடிச்சாங்க. அத்தனை வீட்டுப் பொம்பளைங்களும் இறங்கி வந்து, மாவை அள்ளி அவன் மூஞ்சியில அடிச்சாங்க."

விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பும்போது அவர் ஸ்டாப்பில் இறக்கிவிட்டேன். இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும் எல்லாரும் சொல்வதுபோல "தேங்க்ஸ் டிரைவர்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நவம்பர் 18
பேசிவிட்டேன். ஒரு முகத்தையும் பார்க்கவில்லை; அந்தக் கிழவர் கடைசி வரிசையில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். முடித்ததும் வழக்கம்போல வாயில் வந்துவிட்டது: "கடைசி ஸ்டாப். எல்லாரும் பாத்து இறங்குங்க."

ஐயோ. ஒரு பெண், "நீங்க பஸ் ஓட்டுறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

வகுப்பு முடிந்து, பையை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். ஒருவர் பாக்கியில்லாமல், டாக்டர் லாக்ஹார்ட் உட்பட — "தேங்க்ஸ் டிரைவர்."

கிண்டலா? இல்லை. இந்த ஊரில் அதை யாரும் கிண்டலாகச் சொல்வதில்லை.

நவம்பர் 25
இன்றும் பயம்தான். ஆனாலும் வகுப்பில் கேள்வி கேட்க முதலில் கை தூக்கியது நான்.