டீச்சர் பக்கம் திரும்பிய வரிசை

விஜயதசமி, இரவு.

பேத்தியைப் பள்ளியில் சேர்க்க அரிசித் தட்டோடு போனேன். கணவரைப் பறிகொடுத்த டீச்சர் இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். நல்ல நாளென்று கதவோரம் ஒதுங்கி நின்றார். அதுதான் சரியென்று எனக்கும் பட்டது. விதவை எதிரே வந்தால் நெல் மூட்டையைத் தராசில் ஏற்றாதவன் நான்.

நடவு வேலை செய்யும் அஞ்சலை மகனோடு அவரிடம் போனாள்.

“இன்னா டீச்சர், ஓரமா நின்னுக்கினு கீறீங்க? எம்புள்ள கைய நீங்கதான் புடிச்சி எழுதணும்.”

“நானா? வேணாம்மா.”

“நாளைக்கு அழுதா நீங்கதான தூக்கப்போறீங்க? உக்காருங்க.”

டீச்சர் உட்கார்ந்து, அரிசியில் ‘அ’ எழுத வைத்தார். பிள்ளைகளை எழுத வைக்கத் தலைமையாசிரியை முன் நின்ற வரிசை, யாரும் சொல்லாமலே அவர் பக்கம் திரும்பியது. இப்படியொன்றை நான் எங்குமே கண்டதில்லை. என் கால்களும் போய் அதில் நின்றன.

“பேரு இன்னாடா கண்ணு?” என்று டீச்சர் கேட்டார். பேத்தி சொன்னாள். நான் அரிசித் தட்டை டீச்சர் முன் வைத்தேன்.