இருபத்தைந்துக்கு ஐந்து வாரம்

செயின்ட் ஜான்ஸ், நியூஃபவுண்ட்லாந்து
18 பிப்ரவரி 1934

அன்புள்ள ஆம்புரோஸ் அண்ணாவுக்கு,

பாஸ்டனில் உன் இருமல் விட்டதா? இங்கே துறைமுகம் உறைந்து கிடக்கிறது. அப்பாவும் நானும் நலம்.

நேற்று முன்தினம் நம் நாடாளுமன்றம் முடிந்துபோனது. ஹோட்டல் கூடத்தில் ஒரு தாளை வாசித்தார்கள். இனி லண்டன் நியமித்த ஆறு பேரும் ஆளுநரும்தான் எல்லாம். தேர்தல் கிடையாது. நாடு கடனிலிருந்து நிமிரும்வரை என்கிறார்கள். வாசித்து முடித்ததும் சிலர் கை தட்டினார்கள். நான் கைகளைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

டிசம்பரில் அவையைக் கலைக்கச் சம்மதம் கேட்டபோது, உறுப்பினராக அப்பாவும் ‘சரி’ என்றார். அதிலிருந்து நீ அவருக்கு எழுதுவதில்லை. அவரைத் திட்ட இங்கேயே ஆள் இருக்கிறது. பக்கத்து வீட்டு நாஃப்டல் அம்மா வேலியோரம் நின்று, “ஏன்டி, உங்கப்பா வீட்டையே எழுதிக் குடுத்துட்டு, சாவிக்கு ரசீது வாங்கிட்டு வந்தாராமே?” என்றாள். “ரசீதுகூடக் குடுக்கலம்மா” என்றேன். ஆனால் அவர் தொகுதியில் பாதிப் பேர் நிவாரண மாவில் பிழைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் சரி சொன்னேன் என்கிறார். அது பொய்யில்லை.

நேற்று மதியம் உப்புமீனும் ஊறவைத்த ரொட்டியும் பரிமாறினேன். பேச்சை மாற்றத்தான் கேட்டார்: “அடுத்த மாசம் உன் பிறந்தநாளாச்சே, என்ன வேணும் கண்ணு? எத்தனை முடியுது?”

“இருபத்தஞ்சுப்பா.”

கரண்டி தட்டிலேயே நின்றுவிட்டது.

ஒன்பது வருடங்களுக்கு முன் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது, “ஆம்பளைக்கு இருபத்தொண்ணு போதும், பொண்ணுங்களுக்கு இருபத்தஞ்சாவது ஆகட்டும், அப்பத்தான் நிதானம் வரும்” என்று அவையில் பேசியவர் அவர். அந்த உரிமை கேட்டு மனுவுக்குக் கையெழுத்து வாங்கத் தெருத்தெருவாக அலைந்த நம் அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பதினாறு வயதில் முகம் தூக்கி வைத்திருந்த என்னிடம், “உனக்கு இருபத்தஞ்சு ஆனதும் நானே கையப் புடிச்சு ஓட்டுப் போடக் கூட்டிட்டுப் போறேன்” என்றார். நான் அதை மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை. என் வயதைக் கூட்டிப் பார்க்கத்தான் மறந்திருக்கிறார்.

“நெனச்சே பாக்கலம்மா” என்றார். மன்னிப்புக் கேட்டிருந்தால் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். வழுக்கி விழுவாரோ என்று நானும் பின்னாலேயே போனேன். பழைய அவைக் கட்டடம் பூட்டியிருந்தது. படியில் பனியை யாரும் தள்ளவில்லை. கதவு வரை ஏறி, திரும்பி, என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

அவருக்கு இரண்டு வரி எழுது, அண்ணா. வானிலை பற்றி எழுதினால்கூடப் போதும்.

இன்னொன்று. அமெரிக்கக் குடிமகனாகி மூன்று வருடமாகியும், வரிசையில் நிற்கச் சோம்பலாக இருந்ததால் ஓட்டுப் போடவில்லை என்று விளையாட்டாக எழுதியிருந்தாய். நவம்பரில் அங்கே தேர்தல். மழையானாலும் போ. பெட்டிக்குள் தாளைப் போடும்போது எப்படி இருந்தது என்று எனக்கு விவரமாக எழுது.

கர்த்தர் உன்னைக் குளிரிலிருந்து காக்கட்டும்.

உன் தங்கை,
டிரிஃபீனா