ஆறாவது தெரு

பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியமா? போனில் கூப்பிடாமல் இது என்ன புதுப் பழக்கம் என்று நீ கேட்பாய். என் போனை உன் அத்தான் வாங்கி வைத்துக்கொண்டார். வாலு போனதிலிருந்து, நான் அவளோடு ரகசியமாகப் பேசுகிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். பேசியிருந்தால் நான் ஏன் இப்படிச் சோறு இறங்காமல் கிடக்கப் போகிறேன்?

அவள் தன் புருஷன் வீட்டை விட்டு வெளியேறி ஏழு மாதம் ஆகிறது. பெற்ற மகள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் தினமும் தையல் கடைக்குப் போய் ஊராருக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் பஸ் கண்டக்டர் ஒருவர், உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்ததாக உன் அத்தானிடம் சொல்லியிருக்கிறார்.

நீ இப்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போகிறாயாமே. "எல்லா வீட்டுக்குள்ளயும் நுழையறவ அவதான். பார்த்துச் சொல்லச் சொல்லு" என்று அத்தான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறார். எழுதிவிட்டேன். உன் பதிலை அவர்தான் முதலில் பிரிப்பார். அதனால் என்னைக் கிண்டல் செய்து எதுவும் எழுதி வைக்காதே.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இன்னமும் கோழி கிளறின மாதிரிதான் எழுதுகிறாய். இதை அத்தானும் படிக்கட்டும்.

காலையில் பள்ளிக்கூடம், மூன்று மணிக்கு மேல் கணக்கெடுப்பு. என் பங்குக்கு எட்டுத் தெரு, நூற்று அறுபது வீடு. கால் வீங்கிப் போய்விட்டது. ஒரு பெரியவரிடம் வயது கேட்டால், "நீயே பார்த்துப் போட்டுக்கோம்மா" என்கிறார். இன்னொரு வீட்டில் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டுவிட்டேன். மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை மூண்டு, அரைமணி நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் இவர், "எதிர்வீட்டுக்காரன் என்னதாம்மா வேலை பாக்கறான்?" என்று கேட்கிறார். படிவப் பையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

உனக்கும் சொல்லக்கூடாதுதான். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இல்லாத ஒருத்தியை இல்லை என்று சொல்வதில் யாருக்கு என்ன போய்விடப் போகிறது? முதல் தெருவும் இரண்டாவது தெருவும் முடிந்தன. வாலு அங்கே இல்லை. மனதைத் தளரவிடாதே.

அன்புடன்,
தங்கை

பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அத்தான் ஒரு தாளில் ஒன்றிலிருந்து எட்டு வரை எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒன்றையும் இரண்டையும் அடித்துவிட்டார். அடுப்புக்கு நேர் எதிரே ஒட்டியிருக்கிறார். நான் எங்கே திரும்பினாலும் அதுதான் கண்ணில் படுகிறது.

வாரா வாரம் எழுதச் சொல்கிறார். அவளைப் பார்த்தால் நீ எதுவும் கேட்டுவிடாதே, உடனே எழுது, அவரும் மாப்பிள்ளையும் வந்து கூட்டிக்கொண்டு போகிறார்களாம். "நாலு பேர் முகத்துல முழிக்க முடியல" என்பதையே காலையிலிருந்து நாற்பது தடவை சொல்லிவிட்டார்.

எனக்கு அவள் மூச்சோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். இந்த வரியை எழுதும்போது அத்தான் எட்டிப் பார்த்தார். அடிக்கச் சொல்லவில்லை.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று, நான்கு, ஐந்து முடிந்தன. இல்லை. காய்ச்சலாக இருக்கிறது, நிறைய எழுத முடியவில்லை. ஆறாவது தெரு திங்கட்கிழமை.

தங்கை

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

இனிமேல் இந்தக் கணக்கெடுப்பைப் பற்றி நான் எதுவும் எழுதுவதற்கில்லை. கோபித்துக்கொள்ளாதே. பயிற்சி வகுப்பில் எங்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். போலீஸ் வந்து கேட்டாலும் சொல்லக்கூடாது, கோர்ட் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. படிவம் உள்ளே போனதும் பேரைத் தனியாகக் கழற்றிவிட்டு வெறும் எண்ணாக்கிவிடுவார்கள். அதுவரைக்கும் அது நம் வாய்க்குள் இருக்கிறது. "ஒருத்தர் இருக்காருன்னு சொல்றதும் தப்பு, இல்லைன்னு சொல்றதும் தப்பு. ரெண்டுக்கும் ஒரே பதில்தான், சொல்ல முடியாது" என்றார் வகுப்பு எடுத்தவர். அன்றைக்கு அது எனக்கு மண்டையில் ஏறவில்லை. அதனால்தான் முன்னே அப்படி எழுதித் தொலைத்தேன். அது என் தப்பு.

தயவுசெய்து என்னைக் கேட்காதே அக்கா. தூக்கம் வருவதில்லை.

அன்புடன்,
தங்கை

மார்ச் 10

என் கண்ணே,

இதைத் தையல் கடையில், வெட்டுமேசைக்குக் கீழே வைத்து எழுதுகிறேன். கடைக்கார அம்மா தன் கையால் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். படித்ததும் எரித்துவிடு.

உன் கடிதத்தை அத்தான் மூன்று முறை படித்தார். அப்புறம் எழுந்து போய்ச் சுவரில் இருந்த தாளில் ஆறின் மேல் விரலை வைத்தார். "அஞ்சு தெரு வரைக்கும் இல்லை இல்லைன்னு எழுதினவ, இங்க வந்ததும் ஏன் வாயை மூடிக்கிட்டா?" என்றார். மாப்பிள்ளைக்கு அப்போதே போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்புகிறார்கள். ஒரு தெருதான், கதவு கதவாகத் தட்டினால் ஆயிற்று என்கிறார்கள்.

நீ எதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன். ஆனால் அன்று எட்டு மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். அத்தான் பார்த்துவிடுவாரோ என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். உன் வாயை மூட வைத்தது தெரு இல்லை, கோபம்தான் என்று அவர் நம்ப வேண்டும். "போன வாரம் கடையிலேர்ந்து அவளுக்குக் கண்டபடி எழுதிட்டேன், அதான் முறுக்கிக்கிட்டா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அரை மனதாகக் கேட்டுக்கொண்டார். நீ வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் எழுது. என்னைத் திட்டு. நடித்து எழுதினால் அவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் இத்தனை நாள் எனக்காக விழுங்கி வைத்திருக்கிறாயே, அதையே எழுது. அது உண்டென்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எழுதாதே. நலமா என்று ஒரு வரிகூட வேண்டாம். நீ எங்கே நிறுத்துகிறாய், எங்கே தடுமாறுகிறாய் என்று அவர் தேடிக்கொண்டே இருப்பார். நானே கண்டுபிடித்துவிட்டேனே, அவருக்கு எவ்வளவு நேரமாகும்?

என்னைக் கூட்டிக்கொண்டு போக வருகிறேன் என்று கிளம்பிவிடாதே. நான் இந்த வீட்டில் இருக்கும்வரைதான் அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் வெளியே வந்தால் என்னையும் அவளையும் சேர்த்துத் தேடுவார்.

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என்னை நன்றிகெட்டவள் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அத்தான் இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

உன் வீட்டுக்கு நான் ஏன் ஒற்றர் வேலை பார்க்க வேண்டும்? ஐந்து தெருவைப் பற்றி எழுதியதற்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆறாவது தெருவைப் பற்றியும் எழுத மாட்டேன், ஏழைப் பற்றியும் எழுத மாட்டேன். இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

வாலு கையில் கட்டோடு இரண்டு தடவை உன்னிடம் வந்தாள். இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினாய். இரண்டாவது தடவை நானும் அங்கே இருந்தேன். "அம்மா, நான் உன் தையல் மிஷினுக்குக் கீழயே படுத்துக்கறேன்"னு சொன்னாளே. நீ அவள் துணியை மடித்துப் பைக்குள் வைத்தாய். பை மூடவில்லை. நான் முழங்காலால் அழுத்தி ஜிப்பை இழுத்துவிட்டேன். அன்றைக்கு நாம் இரண்டு பேரில் ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் போதும். உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. உன்னை மன்னித்தால் என்னையும் மன்னிக்க வேண்டியிருக்கிறது.

அத்தானுக்கு ஒரு செய்தி. நேற்று மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய் நான் செய்ததை ஒப்புக்கொண்டேன். உன் முதல் இரண்டு கடிதங்களையும் கொடுத்துவிட்டேன். யார் சொல்லி எழுதியது, யார் யாரைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார் என்பதெல்லாம் அதில் உன் கையெழுத்திலேயே இருக்கிறது. என்னிடமிருந்து படிவங்களை வாங்கிக்கொண்டு, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். விசாரணை உண்டு. பள்ளிக்கூட வேலை நிலைக்குமா என்று தெரியாது. அத்தான் பெயரும் மாப்பிள்ளை பெயரும் போலீசுக்குப் போயிருக்கின்றன. எட்டுத் தெருவிலும் எந்தக் கதவை இவர்கள் தட்டினாலும் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உன் பெயரும் அதில் இருக்கிறது. எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

எனக்குப் பதில் போடாதே. உன் வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன், நீயும் இங்கே வராதே. தங்கை என்று ஒருத்தி இல்லை என்று நினைத்துக்கொள். எனக்கு அப்படி நினைக்க இன்னும் வரவில்லை. பழகிக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கை