நாற்பது பாகம் போதும்

பிப்ரவரி 19, 2019

இன்று மாசி மகம். எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டில் சாமி கடலுக்கு வந்திருக்கும். இங்கே சைகோனில் நான் டான் சோன் நாட் விமான நிலையச் சரக்கு அலுவலகத்தில், இறால் பெட்டிகள் விமானத்தைத் தவறவிட்டதற்கு யார் காரணம் என்று மூன்று பேரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் சிரித்தார்கள். இந்த ஊரில் நாம் கோபப்பட்டால் சிரிக்கிறார்கள். அதில் எனக்குக் கோபம் இன்னும் ஏறுகிறது.

சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல அவருக்குப் போன் செய்தேன். படகுக்கு ஒரு எக்கோ வேண்டுமாம். தண்ணீருக்குள் சத்தத்தை விட்டு, அது திரும்பி வருவதை வைத்து ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் பெட்டி. சைகோனில் நல்லதாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தணிகைவேல் என்னிடம் ஒரு பொருள் வேண்டும் என்று கேட்டதே இல்லை. புடவைக் கடையில்கூட வாசலில் நிற்கிற ஆள். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சின்னதா போதும் புள்ள. நாப்பது பாகம் காட்டுனா போதும்."

பிப்ரவரி 20

ஏன் சின்னது? நான் ஏன் சின்னதாக வாங்க வேண்டும்?

பிப்ரவரி 24, ஞாயிறு

கான் ஹொய் பாலத்துக்குக் கீழே, என் அறையிலிருந்து நடக்கிற தூரத்திலேயே படகுச் சாமான் கடை இருக்கிறது. ஐந்து வருடமாக அதைத் தாண்டித்தான் காய் வாங்கப் போகிறேன். கடைக்காரர் பெயர் தாம். தாம் என்றால் எட்டு. ஆனால் வீட்டுக்கு ஏழாவது பிள்ளை. இங்கே மூத்த பிள்ளையையே இரண்டு என்றுதான் எண்ணத் தொடங்குகிறார்கள். ஒன்று எங்கே போனது என்று கேட்டேன். காபி கொடுத்தார்.

பெரியவர் பேச்சுக்காரர். என் அரைகுறை வியட்நாமியத்தைக் கேட்டு முகம் சுளிக்காதவர். கையகலத் திரை ஒன்று, பெரிய தட்டு அகலத்தில் ஒன்று, இரண்டையும் மேசையில் வைத்தார். சின்னது நூறு பாகம் வரை, பெரியது ஐந்நூறு. ஆழத்தைச் சொல்லும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். இவர்களுக்கும் கடல் அளவு அதுதான், ஒரு மனிதர் விரித்த கை. எங்களூரில் அதைப் பாகம் என்போம் என்று நானும் விரித்துக் காட்டினேன். என்னுடையது குறைவு என்று சிரித்தார்.

என் புருஷனுடைய கைகள் நீளம். ஒரு பாகம் என்று அவர் விரித்தால் நான் அதற்குள் அடங்கிவிடுவேன். இதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதியாகிவிட்டது.

மார்ச் 2

அலுவலகத்தில் கேட்டுவிட்டார்கள். இன்னும் மூன்று வருடம் இருப்பாயா, மே கடைசிக்குள் சொல் என்று. பக்கத்து மேசை நஸீம் பானு, நாகூர்க்காரி, என் சாம்பார்ப் பொடியில் பாதியைத் தின்பவள், "புருஷன்ட்ட கேட்டியா?" என்றாள். கேட்டேன். "ஒனக்கு எது நல்லதுன்னு தோணுதோ அத செய்யி" என்றார்.

இரண்டு வருடம் என்று சொல்லி வந்தவள் நான். ஐந்தாகிவிட்டது. ஊரில் என் படிப்புக்கு வேலை இல்லை. வீட்டில் குழந்தை இல்லை, அதைப் பற்றி இந்த நோட்டில் எழுதுவதாக இல்லை. வா என்று அவர் ஒரு தடவை சொல்லட்டும், மறுநாள் விமானத்தில் இருப்பேன். சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். வீம்புக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இளைத்தவர்களில்லை.

மார்ச் 9

முன்பெல்லாம் விசைப்படகில் போவார். போனால் எட்டு நாள், பத்து நாள். போனில் தொடர்பு இருக்காது. இருக்காது என்று தெரிந்தும் தினமும் போடுவேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் தமிழில் சொல்வாள். அன்று முழுக்க நான் கேட்கும் ஒரே தமிழ் சில நாள் அதுவாக இருக்கும். முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் வைப்பேன்.

போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் இங்கே வந்திருந்தபோது இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஆற்றில் போகும் மணல் படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்தத் தையிலிருந்து விசைப்படகை விட்டுவிட்டுச் சின்ன ஃபைபர் படகில் போகிறார். முழங்கால் வலியாம். சுறாவோடு மல்லுக்கட்டிய மனிதர் கரையோரம் மத்தி அள்ளுவதை நினைத்தாலே எனக்குத் தாங்கவில்லை. நல்ல கருவி கைக்கு வந்தால் பழைய தைரியம் வராதா?

மார்ச் 10, ஞாயிறு

பெரியதையே வாங்கிவிட்டேன். தாம் மஞ்சள் நாடா சுற்றிச் சுற்றி ஒட்டிக் கொடுத்தார். பெட்டியைப் பூட்டுப்போட்டதுபோல ஆக்கிவிட்டார்.

மார்ச் 18

நஸீம் பானுவின் அண்ணன் அபுல் ஹசன் ஊருக்குப் போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்பினேன். கிராப் பைக் டாக்ஸியின் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விமான நிலையம் வரை போனேன். அவர் உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். பெட்டிக்கு இருக்கும் யோகம் எனக்கு இல்லை.

மார்ச் 22

கிடைத்துவிட்டது. "இவ்ளோ பெருசா?" என்றார். பிறகு, "நல்லாருக்கு புள்ள."

ஏப்ரல் 11

மாட்டியாயிற்றாம். திரையை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். வெயிலில் திரை தெரியவில்லையாம்.

ஏப்ரல் 20

இன்றைக்குக் கேட்டதற்கு, கை ஈரமாம். கடலில் இருப்பவருக்குக் கை ஈரமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

மே 5, ஞாயிறு

வீடியோவில் பேசினோம். மழை பிடித்துவிட்டது, தெருவெல்லாம் தண்ணீர் என்று ஜன்னலைக் காட்டினேன். அவரும் வீட்டைக் காட்டினார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். நன்றாகத்தான் இருந்தது. மூலையில் டிவி. டிவிக்குக் கீழே பெட்டி. மஞ்சள் நாடா பிரிக்கப்படவே இல்லை.

நான் தேடித் தேடி வாங்கியது டிவிக்கு ஸ்டூலா?

கத்திவிட்டேன். பொய் எதுக்கு, ஒரு பொருள வாங்கிக் குடுத்தா அத பிரிச்சுக்கூட பாக்க மாட்டீங்களா, நா என்ன வேண்டாதவளா — என்னென்னவோ. அவர் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டேன்.

மே 6

போன் செய்யவில்லை. அவரும்தான்.

மே 7

வேலை முடிந்து வரும்போது தாம் கடை வாசலில் கூப்பிட்டார். கருவி எப்படி ஓடுகிறது என்றார். டிவியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்றேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, கடலில் எத்தனை இரவு தங்குவார் என்று கேட்டார். தன் தப்புத்தானாம், எல்லோரிடமும் முதலில் கேட்கும் கேள்வியை என்னிடம் கேட்க மறந்துவிட்டாராம். வெளியே தங்குகிறவனுக்குத்தான் பெரியது. பொழுதோடு வீடு திரும்புகிறவனுக்கு எதற்கு?

என் புருஷன் எத்தனை இரவு கடலில் தங்குகிறார் என்று எனக்குத் தெரியவில்லை! இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் செய்கிறேன், எடுக்கிறார். தை மாதத்திலிருந்து ஒருநாள் தப்பாமல் எடுக்கிறார். அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று?

மே 8

போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

முழங்கால் எப்படி இருக்கிறது என்றேன். முழங்காலுக்கு என்ன என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டது எனக்கு இங்கே தெரிந்தது. ஏன் விசைப்படகை விட்டீர்கள், நிஜத்தைச் சொல்லுங்கள் என்றேன். கடல் இரைச்சலோடு அவர் குரல் வந்தது.

"பெரிய போட்டுல போனா டவர் கெடைக்காது. நீ போட்டு போட்டு பாப்ப, எவளோ ஒருத்தி பேசுறத கேட்டுக்கிட்டு உக்காந்திருப்ப. அத சொன்னதுலேர்ந்து எனக்கு வல இழுக்க ஓடல புள்ள. நாப்பது பாகத்துக்குள்ள போனா பொழுதோட கரைக்கு வந்துடலாம். அதான்."

"அப்ப வான்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"படிச்சு வாங்குன வேல. என் வாயால எப்புடி சொல்றது?"

பெரியதைப் பிரிக்கவும் மனம் வரவில்லையாம். நான் ஆசையாக அனுப்பியதை வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லையாம். அதனால் தினமும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறாராம். டிவியை விட்டால் வேறு எதைப் பார்க்கிறார் அந்த வீட்டில்.

அழுதேன். அவரும் அழுதிருப்பார், மூக்கை உறிஞ்சிவிட்டுச் சளி என்றார். இந்த மனிதர் கடல் பாதியை எனக்காக விட்டுவிட்டுக் கரையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் போய்க் கரையோரம் மத்தி அள்ளுகிறார் என்று எழுதினேனே.

மே 24

அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். நஸீம் பானு என்னைப் பார்க்காமல் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனி சாம்பார்ப் பொடிக்கு எங்க போவேன்?" என்றாள் கடைசியில்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவசரப்படாதே என்பார். தெரியும்.

ஜூன் 2, ஞாயிறு

தாம் சின்னதை எடுத்து வைத்திருந்தார். நாடா வேண்டாம், என் கைப்பையிலேயே போகட்டும் என்றேன். அளவை மீட்டரிலிருந்து பாகத்துக்கு எப்படி மாற்றுவது என்று இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தார். காபி குடித்தோம். பாலத்தில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. இந்த ஊரைப் பிரிவதும் எனக்கு வலிக்கும் என்று நினைக்கவில்லை. அவர் கையை விரித்து வழியனுப்பினார், அளவு காட்டுகிற அதே மாதிரி.

ஜூன் 8

டான் சோன் நாட். ஐந்து வருடம் பெட்டிகளை அனுப்பிய இடம். இன்று என்னை அனுப்புகிறார்கள்.

ஜூன் 23, கிளிஞ்சல்மேடு

சின்னது நன்றாக ஓடுகிறது. பெரியதை அவருடைய சித்தப்பா மகன் விசைப்படகில் மாட்டிக்கொண்டான். டிவி தரையில் இருக்கிறது. குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

காலையில் போனவர் மதியம் வந்துவிட்டார். சங்கரா கொஞ்சம், மத்தி கொஞ்சம். காரைக்காலில் ஒரு கம்பெனியில் ஆள் கேட்கிறார்களாம், திங்கட்கிழமை போய்ப் பார்க்க வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

இரவு சாப்பிட்டு எழுந்ததும் கை தன்னால் போனை எடுத்து எண்ணைப் போட்டுவிட்டது. ஆணியில் தொங்கிய அவர் சட்டைக்குள்ளிருந்து மணி அடித்தது. எதிரில் உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"யாரு புள்ள இந்நேரத்துல?"