குழாயில் நான் வைத்த தக்கை

அன்பு மகன் கிளைவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், உன் குழந்தை டெஸ் இப்போது தேறிவிட்டாள், சுரங்க வேலைக்குப் போன இடத்து வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். மழை ஒருவழியாகப் பெய்து நம் குடிநீர்த் தொட்டி முக்கால் நிறைந்தது, ஆனால் அதைச் சந்தோஷமாக எழுத எனக்கு முகம் இல்லை.

நாம் வாங்கின இந்தப் பழைய வீட்டில், கூரையிலிருந்து இறங்குகிற ஒரு குழாய் தொட்டிக்குள் போகாமல் பக்கத்தில் சும்மா நிற்கிறதே, அதன் அடியில் தீக்குச்சி நுழையும் அளவு ஓட்டை, மழை விட்ட பிறகும் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்தது. ஏழு வருஷ வறட்சியில் குளித்த தண்ணீரைத் தக்காளிச் செடிக்கு ஊற்றின கை சும்மா இருக்குமா, ஒரு புட்டித் தக்கையைச் சீவி அடைத்துவிட்டேன். உன் மனைவி ராபின் அப்போதே, "அத்தை, எதுக்குன்னு தெரியாம கை வைக்காதீங்க, பிளம்பர் மெர்வ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றாள். பிறந்ததிலிருந்து தொட்டித் தண்ணீர் குடிக்கிறவளுக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று கேட்டேன்.

அடுத்த மழை பெய்த மூன்றாம் நாள் டெஸ்ஸுக்கு வாந்தியும் பேதியும், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். ராபின் கோழியைச் சரியாக வேகவிடவில்லை என்றேன், வீட்டோடு விட்டேனா, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தேநீர் ஊற்றும்போது நாலு பெண்கள் முன்னாலும் சொன்னேன். அவள் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குழந்தையோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தண்ணீரில் ஏதோ வாடை என்று கூப்பிட்டதில், செவ்வாயன்று மெர்வ் வந்து தொட்டியை மோந்து பார்த்துவிட்டு அந்தத் தக்கையைப் பிடுங்கினான். "கூரையில கிடக்குற பறவை எச்சத்த முதல் மழை கழுவுதுல்ல, அந்த அழுக்கு தொட்டிக்குப் போகாம இந்தக் குழாய்தான் புடிச்சு வெச்சுக்கும். சொட்டிச் சொட்டிக் காலியானாத்தானே அடுத்த மழை அழுக்குக்கு இடம் இருக்கும்? எந்தப் புண்ணியவான்மா இதை அடைச்சது?" என்றான். பழைய வீட்டுக்காரராக இருக்கும் என்றேன், கிளைவ். அறுபத்தெட்டு வயதில் வாய் கூசாமல் வந்தது. தக்கையில் சீவின இடம் இன்னும் வெளுப்பாக இருந்தது, அவன் அதைப் பார்த்தான், அதை என் கையில் வைத்துவிட்டுத் தொட்டியைத் திறந்துவிடப் போனான். அத்தனை தண்ணீரும் மண்ணில் போகிறவரை நின்று பார்த்தேன்.

மெர்வுக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லிவிட்டேன். வரும் ஞாயிறு அந்த நாலு பெண்களிடமும் சொல்வேன். அதற்கு முன் நாளைக்கு ராபினிடம் போகிறேன், வாய் அடைத்துப் போனாலும் போகும் என்றுதான் இதை எழுதி வைத்தேன், உறையை ஒட்டாமல் அவள் கையில் கொடுக்கப் போகிறேன். தொப்பி இல்லாமல் வெயிலில் நிற்காதே, ஆண்டவர் உன்கூடவே இருக்கட்டும். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர்ந்தால், அவள் படித்து அவளே தபாலில் போட்டாள் என்று தெரிந்துகொள்.

உன் அம்மா,
டல்சி