கொக்குக்கு வந்த மயிலின் சர்க்கரை

அனுப்புநர்
உரிமையாளர்,
உலர்சலவைக் கடை,
மருந்துக் கடைக்கு எதிர்வரிசை,
பழைய அஞ்சலகத் தெரு.

பெறுநர்
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம்.

பொருள்: நலவாழ்வு இல்லம் ஒன்றில் புதிதாகத் தொடங்கப்பட்ட தனிநபர் உடல் பரிசோதனையில் இன்னொருவருடைய நோய் எனக்கு வழங்கப்பட்டது – அந்நோய்க்கு உரியவரைக் கண்டுபிடித்து உடனே எச்சரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவைப் படிக்கும்போது தங்களுக்குச் சிரிப்பு வரக்கூடும். தாராளமாகச் சிரிக்கலாம், என் வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். ஆனால் சிரித்த கையோடு கோப்பை மூடிவிடாமல் கடைசி வரை படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதில் ஒரு மனிதருடைய உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. அந்த மனிதர் நான் அல்ல.

1. நான் நெடுங்காலமாகச் சலவைக் கடை நடத்துபவன். சட்டையில் இருக்கும் கறையைப் பார்த்தே அதை உடுத்தியவர் எங்கே உட்கார்ந்தார், என்ன சாப்பிட்டார் என்று சொல்லிவிடுவேன் என்று கடைக்கு வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்ளும் வழக்கம் எனக்கு உண்டு. இந்தப் பீற்றல் ஆறாம் பத்தியில் காற்றில் பறக்கும்.

2. என் மகள் தனக்குப் பதவி உயர்வு கிடைத்த மகிழ்ச்சியில், ஊருக்கு வெளியே உள்ள நலவாழ்வு இல்லத்தில் அம்மாவும் அப்பாவும் ஒரு வாரம் தங்கி ஓய்வெடுக்க ஏற்பாடு செய்தாள். என் மனைவி, "நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நீங்க அங்க இருந்தாலே எனக்கு இங்க ஓய்வுதான்" என்று சொல்லிவிட்டார். அக்கூற்றில் இருந்த நியாயத்தைக் கருதி நான் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

3. மேற்படி இல்லத்தின் வழக்கம் என்னவென்றால், வாசலிலேயே நம் பெயரை ஒரு சீட்டில் எழுதி மண்பானைக்குள் போட்டுவிட வேண்டும். "பேரை இறக்கி வச்சாலே பாதி பாரம் குறைஞ்சிடும் சார்" என்றார் மேலாளர். அதன்பின் கிளம்பும் வரை அறையின் பெயர்தான் நம் பெயர். அறைகளுக்கெல்லாம் பறவைகளின் பெயர். எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை உடை. யாரும் யாரோடும் பேசக் கூடாது. எனக்குக் 'கொக்கு' அறை கிடைத்தது. என் இடுப்பைப் பார்த்த எவருக்கும் இதுவரை கொக்கு நினைவுக்கு வந்ததில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

4. எதிர்க்கோடி அறை 'மயில்'. அதில் தங்கியிருந்தவரைப் பற்றியே இம்மனு. என்னைவிட வயதில் மூத்தவராகத் தெரிந்ததால் மனத்துக்குள் அண்ணன் என்றே அழைத்து வந்தேன். வாய் திறக்க முடியாதபடியால் எங்கள் பழக்கம் முழுவதும் சைகையிலேயே நடந்தது. அவர் இரு கைகளையும் அகலமாகப் பிடித்துச் சுழற்றிக் காட்டினார். பேருந்தோ லாரியோ ஓட்டுபவர் என்று அறிந்தேன். இடுப்புயரத்தில் கையை வைத்து, பிறகு காதோரம் இரண்டு சடை பின்னிக் காட்டினார். சின்னப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று அறிந்தேன். நான் என் பங்குக்கு இஸ்திரி போட்டுக் காட்டினேன். அவர் அதை மாவு பிசைவதாக எடுத்துக்கொண்டு என்னைச் சமையல்காரர் என்றே நம்பி, சாப்பாட்டு வேளைதோறும் அங்கே கொடுக்கும் பச்சைச் சாற்றைச் சுட்டிக்காட்டி என் கருத்தைக் கேட்பார். நானும் தொழில் தெரிந்தவன்போல உதட்டைப் பிதுக்குவேன். சொல்லப்போனால், வாயால் பேசிப் பழகிய பலரைவிட அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

5. அண்ணன் எந்நேரமும் தண்ணீர் குடித்தார். தியானத்தில் எல்லோரும் கண்மூடி இருக்கும்போது எழுந்து எழுந்து கழிப்பறைக்குப் போனார். இடது பாதத்தில் ஆறாத புண் ஒன்றுக்குத் துணி சுற்றி, மெத்தென்ற செருப்பு அணிந்திருந்தார். இவை அனைத்தையும் நான் கண்ணால் கண்டேன். தியானத்தின்போது நான் கண்ணை மூடவில்லை என்பதும் இதனால் வெளிப்படுகிறது, அதற்கு வருந்துகிறேன்.

6. கண்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கறையைப் பார்த்து ஆளைச் சொல்கிறவனுக்கு, ஆளே எதிரில் உட்கார்ந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் எதுவும் தோன்றவில்லை. உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

7. இனி குறைக்கு வருகிறேன். அந்த இல்லத்தில் எண்ணெய்த் தேய்ப்பு, மூச்சுப் பயிற்சி ஆகியவற்றோடு 'உங்கள் உடலுக்கே உரிய பரிசோதனை' என்ற சேவையை அண்மையில் சேர்த்திருக்கிறார்கள். இரத்தத்தை எடுத்துச் சென்று, நாம் எதைச் சாப்பிடலாம், எப்படி நடக்கலாம், எவ்வளவு தூங்கலாம் என்று நமக்கென்றே எழுதிக் கொடுக்கும் சேவை. இரத்தம் எடுக்க வந்த பெண்மணி குழாயில் ஒட்டுவதற்குப் பெயர் கேட்டார். மேலாளர், "இங்க பேர் கிடையாதும்மா, பறவையையே எழுதுங்க" என்றார். அவர் சற்றுத் தயங்கி, என் குழாயில் 'கொக்கு' என்றும் அண்ணன் குழாயில் 'மயில்' என்றும் எழுதினார். நான் அதைப் பார்த்து ரசித்துச் சிரித்தேன்.

8. கொக்கு அறையின் ஜன்னல் சமையற்கட்டைப் பார்த்தது. எங்களுக்குப் பச்சைச் சாறு. பணியாளர்களுக்கு மாலைதோறும் சுடச்சுட எண்ணெய்ப் பலகாரம். அந்த வாசனையில் நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, அண்ணன் தாமாகவே முன்வந்து அறையை மாற்றிக்கொள்ளலாம் என்று சைகை காட்டினார். இரத்தம் எடுத்த மறுநாள், மேலாளரே எங்கள் இருவருடைய பைகளையும் தூக்கி மாற்றி வைத்தார். பதிவேட்டில் எழுதவில்லை. அண்ணன் பையில் 'விபத்தில்லா ஓட்டுநர்' என்று பெரிதாக அச்சிட்டு, கீழே நிறுவனத்தின் பெயர் சிறிதாக இருந்தது. பெரிய எழுத்தைப் படித்தேன். சின்ன எழுத்தைப் படிக்கவில்லை. அப்போது முதல் நான் மயில், அவர் கொக்கு. எனக்கு அதில் உள்ளூரப் பெருமை வேறு.

9. கடைசி நாள் காலை, அறிக்கைகளை உறையிலிட்டு அந்தந்த அறைக் கதவிடுக்கில் செருகினார்கள். மயில் அறையில் இருந்த நான் மயிலின் அறிக்கையைப் பிரித்தேன். சர்க்கரை தலைக்கு மேல் ஏறியிருக்கிறது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், காலைக் கண்போலக் காக்க வேண்டும், வெறுங்காலோடு ஓரடிகூட வைக்கக் கூடாது என்று இருந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் கையில் இருந்த கொக்கின் அறிக்கையோ, எல்லாம் நலம், விரும்பியதைச் சாப்பிடலாம், தினமும் வெறுங்காலோடு மண்ணில் நடப்பது உங்கள் உடலுக்கு மிகவும் ஏற்றது, சில ஆண்டுகளுக்கு மறு பரிசோதனையே தேவையில்லை என்று சொன்னது. அவர் என் அறிக்கையை வாங்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கிற்று. உடனே குனிந்து தம் செருப்பைக் கழற்றி என் காலருகே வைத்து, 'இனி எனக்கு வேண்டாம், உனக்குத்தான் வேண்டும்' என்று சைகை காட்டினார். ஐயா, அந்தச் செருப்பு எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

10. வாசலில் பெயர்ச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துப் பேச அனுமதித்தார்கள். ஒரு வாரத்துக்குப் பின் பேச்சு கிடைத்த அந்த முதல் நிமிடத்தை நான் எப்படிச் செலவழித்தேன் என்றால், கைப்பேசியை எடுத்து என் மனைவிக்கு என் நோயை அறிவித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என்னிடம் ஏதோ சொல்வதற்காகச் சற்று நேரம் பக்கத்தில் நின்றார். நான் கையைக் காட்டி, பொறுங்கள் என்றேன். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுச் சரளைக் கற்கள் மேல் வெறுங்காலோடு நடந்து போனார். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

11. வீடு திரும்பிய நான் முழுநேர நோயாளியானேன். அறிக்கையில் கண்ட அறிகுறிகள் அனைத்தும் ஒன்று விடாமல் வந்து சேர்ந்தன. தாகம் எடுத்தது. பாதம் மரத்தது. கடையில் உட்கார்ந்தால் கண்ணைக் கட்டியது. வாடிக்கையாளர்கள் துணியை விட்டுவிட்டு என் உடம்பைப் பற்றி விசாரித்தார்கள். நானும் விலாவாரியாகச் சொன்னேன். வீட்டில் என்னைக் குப்பை கொட்டச் சொல்வதை நிறுத்தியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால், அந்நோய் எனக்குப் பல வகையிலும் வசதியாகவே இருந்தது.

12. சில வாரங்கள் கழித்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கத் தெருமுனைப் பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் கொடுத்தேன். சர்க்கரை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று வந்தது. பூரண குணம்! தெருவில் உள்ள அனைவரிடமும் மேற்படி நலவாழ்வு இல்லத்தைப் புகழ்ந்தேன். இருவர் அங்கே போக முன்பதிவும் செய்துவிட்டார்கள். அன்று மாலை என் மனைவி இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க, சர்க்கரை குறையும்னு கேள்விப்பட்டிருக்கேன். ரத்த வகையுமா மாறும்?" தனிநபர் உணவுமுறையால் மாறக்கூடும் என்று நான் பதில் சொன்னேன். அவர் என் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து வந்து, அதில் உள்ள இரத்த வகையின் மேல் விரலை வைத்தார். அதன்பின் வீட்டில் நெடுநேரம் சிரிப்பு நிலவியது. நானும் சிரித்தேன்.

13. சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் இருந்த அண்ணனின் செருப்பு கண்ணில் பட்டது. எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

14. மறுநாள் நலவாழ்வு இல்லத்துக்கு ஓடினேன். அறை மாறியதற்குப் பதிவு இல்லை, எனவே மாறவில்லை என்று மேலாளர் கூறினார். பையைத் தூக்கிய கை எது என்று கேட்டேன், நினைவில்லை என்றார். விருந்தினர் விவரம் இரகசியம், தர இயலாது என்றார். நீங்களாவது அவரைத் தொலைபேசியில் அழைத்து எச்சரியுங்கள் என்று கெஞ்சினேன். "அவருக்கு ரிப்போர்ட் நல்லாத்தானே வந்திருக்கு, எதுக்கு சார் அவரை பயமுறுத்தணும்?" என்றார். பிறகு, எனக்கு இன்னொரு வாரம் இலவசமாகத் தங்க அனுமதிச் சீட்டு நீட்டினார். சமையற்கட்டுப் பக்கம் இல்லாத அறையா என்று என் வாய் கேட்டேவிட்டது. வெட்கத்தோடு இதையும் பதிவு செய்கிறேன். சீட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். இல்லத்துக்குப் பரிசோதனை செய்துகொடுக்கும் கூடத்தாரோ, தங்களுக்குப் பறவைகளைத் தவிர வேறு யாரையும் தெரியாது என்கிறார்கள்.

15. ஐயா, என் கடையிலும் துணி மாறிப்போனதுண்டு. ஆனால் ஒருவர் சட்டையை இன்னொருவருக்குக் கொடுத்தால் அடுத்த நாளே அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போடுவார். தோளில் ஏறாது, கை நீளும். நோய் அப்படி இல்லை என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். யாருடையதைக் கொடுத்தாலும் எனக்குப் பொருந்திவிட்டது. அதுபோலவே என்னுடைய நலமும் அண்ணனுக்குப் பொருந்தியிருக்கும். அவர் திரும்பி வந்து சண்டை போட மாட்டார். தாகம் எடுத்தால் வெயில் என்பார். புண் ஆறாவிட்டால் மண்ணில் நடந்தால் ஆறும், அறிக்கையே சொல்லியிருக்கிறது என்பார். கண்ணைக் கட்டினால் தூக்கம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் வண்டியில் ஏறி உட்காருவார். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இது உண்மையான அறிகுறி. அறிக்கையைப் படித்து வந்ததல்ல.

16. எனவே, மேற்படி இல்லத்தின் பதிவேட்டைத் தாங்கள் வரவழைத்துப் பார்த்து, அவ்வாரத்தில் மயில் அறைக்கு என்று வந்த ஓட்டுநரின் பெயரையும் முகவரியையும் கண்டறிந்து, முதலில் அவருக்குத் தகவல் சொல்லுமாறு வேண்டுகிறேன். விசாரணை, அபராதம், முத்திரை வைப்பு முதலியவை அதற்குப் பிறகு தங்கள் வசதிப்படி நடக்கட்டும். இனிமேல் இரத்தக் குழாயில் மனிதர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று ஓர் ஆணையும் பிறப்பித்தால் நல்லது. என்னையும் விசாரிப்பதானால் எந்நேரமும் வரத் தயார். கடையை என் மனைவி பார்த்துக்கொள்வார், என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வார்.

17. அவருக்கு என் பெயரைச் சொல்லிப் பயனில்லை, அவருக்குத் தெரியாது. சலவைக் கடைக்காரர் என்றாலும் விளங்காது. சமையல்காரர் என்றால் ஒருவேளை விளங்கும். நான் கைகாட்டிப் பொறுக்கச் சொன்னேன், இப்போது பேசி முடித்துவிட்டேன், அவர் சொல்ல வந்ததைச் சொல்லலாம் என்று தெரிவிக்கவும்.

இணைப்பு: மயிலின் அறிக்கை நகல், தெருமுனைப் பரிசோதனைக் கூட அறிக்கை நகல், ஓட்டுநர் உரிம நகல். செருப்பை இணைக்கவில்லை. ஆள் கிடைத்துவிட்டார் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து சொல்லியனுப்பினால், அவர் எங்கே இருந்தாலும் நானே கொண்டுபோய், குனிந்து, காலில் மாட்டிவிட்டு வருகிறேன்.

நாள்: அண்ணன் வெறுங்காலோடு போய் ஏழாவது வாரம்
இடம்: கடை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
சலவைக் கடைக்காரர்,
முன்னாள் கொக்கு.