பூஜை போட்ட இயந்திரத்தை நிறுத்திய என் மகள்

அனுப்புநர்
எ. யேசுதாஸ்,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
புதுகும்மிடிப்பூண்டி,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்,
திருவள்ளூர்.

பொருள்: கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்து உதிரிபாக ஆலை ஒன்றில் நடந்த விபத்து – பழி என் மகள் மீது சுமத்தப்படுவது – வியாழக்கிழமைக்கு முன் நேரில் விசாரிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் ஸ்நேகா மேற்படி ஆலையில் ஷிப்ட் பொறுப்பாளர். ஆலையின் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் இணைத்துள்ளேன். எனக்கு இயந்திரங்களைப் பற்றித் தெரியாது. தகப்பன் என்பதால் ஒருபக்கமாக எழுதுகிறேனோ என்ற சந்தேகமும் உண்டு. தவறிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. அங்குள்ள, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில், ஆளின் கை உள்ளே போனால் இயந்திரத்தைத் தானே நிறுத்திவிடும் சென்சார் இருக்கிறது. ஆயுத பூஜையன்று அதன் கண்ணாடியிலும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார்கள். விடுமுறை முடிந்து ஆலை திறந்த காலையில், சென்சாரின் கண்ணாடி மறைந்திருந்ததால் இயந்திரம் ஓடவில்லை. பூஜைக்குப் பிந்தைய முதல் ஓட்டம் தடைபடக் கூடாது என்பது அங்கே வழக்கம். சந்தனத்தைத் துடைக்க யாருக்கும் மனம் வராமல், சென்சாரின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள்.

3. இதைக் கண்ட ஸ்நேகா சிவப்புப் பொத்தானை அழுத்தி இயந்திரத்தை நிறுத்தினாள். ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைக்கத் தொடங்கினாள். மேலாளர் திரு. துளசிராமன் வந்து துணியை வாங்கிக்கொண்டார். ஒயர் கழற்றியிருப்பதை அவள் அவரிடம் சொன்னாள். அவர் எல்லார் முன்னிலையிலும், “பூஜ போட்ட மிஷின மொத நாளே நிறுத்துவியாம்மா? உங்க சர்ச்சுல வந்து நாங்க எதுனா தொடச்சா சும்மா இருப்பீங்களா? பொம்பளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்” என்றாராம். அவளைப் பேக்கிங் பகுதிக்கு அனுப்பிவிட்டு, இயந்திரத்தை அப்படியே ஓட்டச் சொன்னார்.

4. அன்று பிற்பகல் அன்புசெல்வன் என்ற இளைஞரின் வலது கை அதில் அகப்பட்டது. மணிக்கட்டுக்குக் கீழே மருத்துவர்களால் எதையும் காப்பாற்ற முடியவில்லை.

5. என் மகள் காரணமின்றி இயந்திரத்தை நிறுத்தி, தொழிலாளர்களின் மத உணர்வைப் புண்படுத்தியதாகவும், அதனால் அவர்கள் கவனம் சிதறியதே விபத்துக்குக் காரணம் என்றும் நிர்வாகம் கூறுகிறது. வியாழனன்று நடக்கும் உள்விசாரணையில் அவள் மன்னிப்பு எழுதிக் கொடுத்து வேலையை விட்டு விலக வேண்டுமாம்.

6. சென்ற ஆண்டும் பூஜை முடிந்த முதல் நாளில் இதே இயந்திரம் நிறுத்தப்பட்டது. எண்ணெய் ஒழுகுகிறது என்று மற்றொரு ஷிப்ட் பொறுப்பாளரான திரு. வீரராகவன் நிறுத்தினார். பொறுப்பானவர் என்று கூட்டத்தில் கைதட்டினார்கள். அவர் ஆண், பூஜையை முன்னின்று நடத்துபவரும் அவரே. அவர் செய்தால் பொறுப்பு, என் மகள் செய்தால் பயம் என்று எந்த அளவுகோலால் முடிவு செய்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

7. திரு. துளசிராமனைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவமனை வராந்தாவில் அவர் அழுததைப் பார்த்தேன். ஆட்களின் மனம் நோகாமல் ஆலையை நடத்துவதே நேர்மை என்று அவர் நம்பியிருக்கலாம். பூஜையில் நின்றவர் ஒருவரையே துடைக்கச் சொல்லியிருக்கலாமே என்று மகளிடமும் கேட்டேன். “கேட்டேன்ப்பா. யாரும் வரல” என்றாள்.

8. அன்புசெல்வனின் தாயார் அஞ்சம்மாள் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தவர். ஸ்நேகா மருத்துவமனைக்குப் போனபோது அவர் ஏசவில்லை. “நிறுத்துனவ நிறுத்துனதாவே வச்சிருக்கக் கூடாதா, கண்ணு?” என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து என் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. குற்றம் தன்னுடையதுதான் என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். வியாழனன்று கையெழுத்துப் போடுவதாகச் சொல்கிறாள். என் பேச்சு எடுபடவில்லை.

ஆகவே, அதற்கு முன் தாங்கள் அந்த ஆலைக்கு நேரில் சென்று, ஒயரைக் கழற்றியவரையும் ஓட்டச் சொன்னவரையும் விசாரிக்க வேண்டுகிறேன். அவள் வேலை போனாலும் போகட்டும். அந்தத் தாயாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதைத் தாங்கள் எழுத்தில் தர வேண்டும். நான் சொன்னால் தகப்பன் பேச்சு என்று தள்ளிவிடுகிறாள். தங்கள் கையெழுத்தை நம்புவாள்.

இடம்: புதுகும்மிடிப்பூண்டி
நாள்: 13.10.2025

தங்கள் பணிவுள்ள,
எ. யேசுதாஸ்